மலைக்குளிரில் கூடாரவல்லி: நெய் உறையாத அக்காரவடிசில்

திருப்பாவையின் 27ஆம் பாசுரம் பாடும் மார்கழி 27ஆம் நாள்தான் கூடாரவல்லி, பெரும்பாலும் ஜனவரி 11. ஊட்டியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலம். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து வெல்லமும் நெய்யும் சேர்ப்பது அக்காரவடிசில். அடுப்பிலிருந்து இறக்கிய அதை இலைத் தொன்னையில் இட்டு, நெய் ஊற்றிக் கையில் கொடுப்பதற்குள் நெய் மெழுகாகப் படிந்துவிடும். ஆண்டாள் பாடியதோ, பாற்சோறு ‘மூட நெய் பெய்து முழங்கை வழிவார’. நெய் வழியாவிட்டால் அன்றைய தளிகைக்கும் (பெருமாளுக்குச் சமைக்கும் படையலுக்கும்) பாசுரத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. மலையில் அதை வழிய வைக்க முடியும். அதற்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும்.

இந்த நெய்க்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்றால், திருப்பாவையின் 2ஆம் பாசுரத்தைப் பார்க்க வேண்டும். ‘நெய்யுண்ணோம் பாலுண்ணோம்’ என்று அங்கே நோன்பு தொடங்குகிறது. மை இல்லை, பூ இல்லை. 27ஆம் பாசுரத்தில்தான் சூடகம், தோள்வளை, தோடு, பாடகம் எல்லாம் திரும்ப வருகின்றன. பாலும் நெய்யும் சேர்ந்தே வருகின்றன. அதனால் நோன்பு இருக்கும் வீட்டில் முதல் 26 நாளும் பால், நெய்யை விலக்கிவிட்டு அன்று தொடுவதே முறை. பெண் குழந்தைகளுக்குப் புது வளையலும் பூவும் அன்றைக்கென்று எடுத்து வையுங்கள்.

அக்காரவடிசில் ஆண்டாளின் சொந்த வேண்டுதலும்கூட. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் துளசி வனத்தில் கிடைத்த பெண் அவள். மாலிருஞ்சோலை (அழகர்கோயில்) அழகருக்கு நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை, வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக நாச்சியார் திருமொழியில் பாடிவைத்தாள். சில நூற்றாண்டுகள் கழித்து அந்த நேர்த்தியை நிறைவேற்றியவர் ராமானுஜர். பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்ததாக வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்லும். ‘கோயில் அண்ணன்’ என்ற பெயர் அப்படி வந்தது. பல கோயில்களில் இன்று 108 வட்டிலில் வைத்துக் கண்டருளப் பண்ணுகிறார்கள், அதாவது பெருமாளுக்குப் படைக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பானை போதும்.

பதினைந்து பேருக்கு அளவு: பச்சரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 60 கிராம், கொழுப்பு எடுக்காத பால் 2 லிட்டர், தண்ணீர் முக்கால் லிட்டர், வெல்லம் 500 கிராம், நெய் 300 கிராம், முந்திரி, திராட்சை ஒவ்வொரு கைப்பிடி, ஏலக்காய் 6, குங்குமப்பூ ஒரு சிட்டிகை. பச்சைக் கற்பூரம் கடுகளவுதான், கூடினால் கசக்கும்.

மலையில் முதல் தொல்லை அரிசி வேகாதது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. குன்னூரில் ஒன்றரை டிகிரி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். சமவெளிக் கணக்கில் இறக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளியோடு அரிசி நிற்கும். ஆகவே அரிசியை வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும், அதில் ஊறுவது மெதுவாகவே நடக்கும். பருப்பை ஒரு கரண்டி நெய்யில் வாசம் வர வறுத்து, அரிசியோடு முக்கால் லிட்டர் தண்ணீரும் அரை லிட்டர் பாலும் சேர்த்து, குக்கருக்குள் பாத்திரம் வைத்து 6, 7 விசில் விடுங்கள். குக்கரில் நேரடியாகப் பால் ஊற்றினால் பொங்கி வால்வை அடைக்கும்.

பிறகு வெண்கலப் பானைக்கு மாற்றி, மத்தால் மசித்து, ஒரு கிளாஸ் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சிறுதீயில் 40 நிமிடம் அடி விடாமல் கிளற வேண்டும். பாதி நேரத்தில் நெய்யில் 100 கிராம் விடுங்கள். ஒரு பருக்கையை விரல்நுனியில் நசுக்கிப் பாருங்கள்: கரை தெரியாமல் பசையாக இழைய வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாமல் வெல்லத்தைத் தொடவே கூடாது. வெல்லம் பட்டபின் அரிசி குழையாது, விறைத்துக்கொள்ளும்.

வெல்லத்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒரு கொதி மட்டும் விடுங்கள். பாகுபதம் வேண்டாம். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்ட பிறகே பானையில் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் ஊற்றினால் வெல்லத்தின் புளிப்பில் பால் திரியும். கலந்தபின் மறுபடி சிறுதீயில் பத்து நிமிடம். கரண்டியைச் சாய்த்தால் தானாக வழிந்து விழும் பதத்திலேயே இறக்கிவிடுங்கள், குளிரில் மளமளவென்று இறுகும். வறுத்த முந்திரி, திராட்சை, ஏலம், குங்குமப்பூ, கற்பூரம் கடைசியில்.

இனிதான் நெய். திருப்பாவையின் முப்பது பாசுரமும் சேவிக்க (பாடி முடிக்க) இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை பானையைத் தரையில் வைக்காதீர்கள், சில்லிட்ட தரை சூட்டை இழுத்துவிடும். அகன்ற அண்டாவில் நான்கு விரற்கடை வெந்நீர் வைத்து, மிகச் சிறுதீயில் அதற்குள் பானையை இறக்கி மூடுங்கள். மீதி நெய்யையும் எடுத்து வைத்த பாலையும் சின்னப் பாத்திரங்களில் அதே வெந்நீரில் நிறுத்துங்கள். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியதும், இறுகியிருந்தால் அந்தச் சூடான பாலை விட்டு இளக்குங்கள். தொன்னை மெல்லியது, அதில் சூடு நிற்காது. எவர்சில்வர் கிண்ணங்களை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஐந்தைந்து பேராகப் பரிமாறி, கையில் கொடுக்கும் அந்த நொடியில் மேலே நெய் ஊற்றுங்கள்.

துளசியை முந்தின நாள் மாலையே பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். உறைபனியில் இலை கருகிவிடும். செடித்தொட்டி இரவில் வீட்டுக்குள் இருக்கட்டும்.

விடியலில் ஆறு மணிக்குத் தளிகை தயாராக வேண்டுமென்றால் இரண்டரைக்கு அரிசியை ஊறப்போடுங்கள். எல்லோரும் வந்து உட்காரும்வரை முதல் கிண்ணத்தையும் நிரப்ப வேண்டாம். ‘கூடியிருந்து’ என்றுதான் ஆண்டாள் பாடியிருக்கிறாள்.