வேப் பற்றி ஆண்டு 5, 6 மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் தமிழ்ப்பள்ளியை முடிக்கும் பிள்ளை அடுத்த ஆண்டே இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்கோ புகுமுக வகுப்புக்கோ போய்விடுகிறது. தோட்டத்திலிருந்து டவுன் வரை பெரிய பையன்களோடு ஒரே பஸ். வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, நீட்டி "ஒரு இழுப்பு இழுத்துப் பாருடா" என்ற பேச்சு பலருக்கு அந்த பஸ்ஸில்தான் முதலில் காதில் விழும். அதற்கு முன்னாலேயே, 11, 12 வயதில், பள்ளி பேசிவிட வேண்டும்.

சபைகூடலில் அரை மணி நேரம் பயமுறுத்திவிட்டுக் கலைவது பலன் தராது. கறுத்துப்போன நுரையீரல் படத்தைக் காட்டி "வேப் இழுத்தால் செத்துப்போவாய்" என்று சொன்னால், பக்கத்து லயத்து அண்ணன் வேப் இழுத்துக்கொண்டே சாயங்காலம் பந்து விளையாடுவது பிள்ளைகளுக்கு நினைவு வரும். சொன்னதில் ஒன்று பொய்யாகப் பட்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். உள்ளதை மட்டும் சொல்லுங்கள், அதை அவர்களே கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நலக்கல்வி வேளையில் வாரம் ஒன்றாக மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். உண்மையான வேப்பை எந்தப் பாடத்திலும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். சுவைகளின் பெயரையும் பட்டியல் போடாதீர்கள். அது விளம்பரமாகவே போய் முடியும்.

முதல் பாடம்: அது நீராவி இல்லை

"வெறும் தண்ணி ஆவிதான் சார்" என்பதுதான் பிள்ளைகள் முதலில் சொல்வது. அதிலிருந்தே தொடங்குங்கள். மருந்துக்கடையில் ஒரு சிறிய புட்டி கிளிசரின் வாங்குங்கள். குழுவுக்கு இரண்டு தெளிவான பிளாஸ்டிக் தாள் கொடுங்கள். ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர், மற்றதில் ஒரு சொட்டு கிளிசரின். இரண்டையும் விரலால் ஐம்பது காசு அகலத்துக்கு மெல்லிசாகத் தேய்த்து, காற்றாடிக்குக் கீழே வைக்க வேண்டும். பாடம் முடியும்போது தண்ணீர் காய்ந்திருக்கும். கிளிசரின் பிசுபிசுப்பாக அப்படியே இருக்கும்.

தேய்க்காமல் சொட்டாகவே விட்டால் அரை மணியில் தண்ணீரும் காயாது, சோதனை பாழாகும். மழை நாளில் இன்னும் மெல்லிசாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

காயும் வரை உள்ள நேரத்தில் கரும்பலகையில் வேப்பின் படம் வரையுங்கள். லித்தியம் பேட்டரி, சூடேறும் கம்பிச்சுருள், திரவத்தை உறிஞ்சும் பஞ்சு, திரவம் இருக்கும் கூடு. திரவத்தில் புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிக்கோட்டினும் இருக்கும். வெளியே வரும் புகை இந்தத் திரவத்தின் நுண்துளிகள். பஞ்சு காய்ந்து சுருள் அதிகமாகச் சூடேறினால் இவை சிதைந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகும். "சாப்பாட்டில் போடும் வாசனைதானே" என்று ஒரு பிள்ளை கேட்கும். வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்தது நுரையீரலுக்கும் பாதுகாப்பு என்று ஆகாது. அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனை காட்டுவது புகை தண்ணீர் இல்லை என்பதை மட்டும்தான். "நுரையீரல் முழுக்க இப்படித்தான் ஒட்டிக்கிடக்கும்" என்று அதற்கு மேல் நீட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் பாடம்: நிக்கோட்டின் கணக்கு

கணக்குப் பாடமாகவே நடத்துங்கள். உறையில் 5 விழுக்காடு என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். கூட்டில் 10 மில்லிலிட்டர் இருந்தால் மொத்தம் 500. ஒரு சிகரெட்டின் புகையிலையில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் அந்தச் சின்னக் கருவிக்குள் இருப்பது 50 சிகரெட்டின் நிக்கோட்டின், 20 சிகரெட் பெட்டி என்றால் இரண்டரைப் பெட்டி.

பல ஆசிரியர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் ஏறுவது ஏறக்குறைய 1 மில்லிகிராம் என்பதை எடுத்து 500-ஐ அதனால் வகுத்து, "இது 500 சிகரெட்டுக்குச் சமம்" என்று எழுதிவிடுகிறார்கள். வேப்பில் இருப்பதும் முழுக்க உடம்பில் ஏறுவதில்லை. உள்ளே இருப்பதை உள்ளே இருப்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டரைப் பெட்டி என்பதே போதுமான அளவுக்குப் பெரிய எண்.

இவ்வளவு நிக்கோட்டினைச் சிகரெட்டாக இழுத்தால் தொண்டை எரிந்து இருமிவிடுவார்கள். வேப்பில் ஏன் எரிவதில்லை? பல திரவங்களில் அமிலம் சேர்த்து நிக்கோட்டினை உப்பு வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். காரம் குறைவதால் முதல் நாளே பிள்ளையால் இழுக்க முடிகிறது. மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. அதனால் இந்த வயதில் நிக்கோட்டின் பழக்கம் சீக்கிரம் பிடிக்கும், கவனமும் சிதறும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மருந்து அடிக்கும் வேலை தெரியும். அப்பா கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார்கள். நிக்கோட்டின் சல்பேட் நெடுங்காலம் பூச்சிமருந்தாக அடிக்கப்பட்டது என்று சொல்லுங்கள். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகும். அந்த நிமிடத்தில் வேறெதுவும் பேச வேண்டாம்.

பணக் கணக்கு ஐந்து நிமிடம் போதும். வாரம் 25 ரிங்கிட் என்று வைத்தால் 52 வாரத்துக்கு 1,300.

2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு வந்த நுரையீரல் பாதிப்பைப் பற்றி யாராவது கேட்கலாம். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68 பேர். முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது கஞ்சாச் சத்துள்ள திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். எல்லா வேப்புக்கும் இதைப் பொதுவாக்கக் கூடாது. ஆனால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று இழுப்பவருக்குத் தெரியாது என்பதற்கு இது நல்ல சான்று. நம் நாட்டிலும் செயற்கைப் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களைப் போலீசார் பிடித்திருக்கிறார்கள். நிறத்தையோ வாசனையையோ வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் பாடம்: மறுக்கப் பழகுதல்

முதலில் ஒரு துண்டுத்தாள். "மலேசியாவில் 13 முதல் 17 வயது வரை உள்ள 100 பேரில் வேப் இழுப்பவர் எத்தனை பேர்?" பெயர் எழுதாமல் ஒரு எண் மட்டும் எழுதட்டும். நிறைய பிள்ளைகள் பெரிய எண்ணாகத்தான் போடுவார்கள். சுகாதார அமைச்சின் 2022 தேசிய ஆய்வில் வந்தது 14.9 விழுக்காடு. அதாவது 100 பேரில் ஏறக்குறைய 85 பேர் இழுப்பதில்லை. "எல்லாரும் இழுக்கிறாங்க" என்ற நினைப்பு உடைந்தால் மறுப்பது பாதி சுலபமாகிவிடும். அந்த எண் 2017-இல் 9.8 ஆக இருந்து ஏறியது என்பதைப் பெற்றோர் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சொன்னால் "இதுதான் இப்போ நடப்பு" என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு எழுந்து நின்று பயிற்சி. வேப் நீட்டும் அண்ணனாக ஆசிரியரே நடிக்க வேண்டும். அந்த வேடத்தை மாணவனுக்குக் கொடுத்தால் அவன் வகுப்பின் கதாநாயகனாகிவிடுவான். பதில் சின்னதாக இருக்கட்டும்:

"வேணாம் அண்ணே, எனக்குப் பந்து விளையாடணும்."
"வேணான்டா. பஸ் வந்துடுச்சு, போறேன்."

சொன்னதும் இரண்டு அடி தள்ளி நடக்க வேண்டும். நின்றுகொண்டு காரணம் விளக்கினால் வாக்குவாதமாகும். ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு மூன்று முறை சொல்லட்டும். மனதுக்குள் சொல்லிக்கொண்டது பஸ்ஸில் வாய்க்கு வராது.

சட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி (சட்டம் 852) 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதும் குற்றம், அவர்கள் இழுப்பதும் குற்றம்.

ஏற்கெனவே இழுக்கும் பிள்ளை

"யார் இழுத்திருக்கீங்க, கை தூக்குங்க" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, கட்டொழுங்கு ஆசிரியரிடம் போவதற்கு முன்பே ஆலோசக ஆசிரியர் பேசட்டும். அடிக்கடி கழிவறைக்குப் போவது, காரணமில்லாத எரிச்சல், சட்டையில் பழ வாசனை ஆகியவை அறிகுறியாகலாம், ஆனால் சாட்சியாகாது. நிறுத்தினால் முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். தூக்கமின்மையும் கோபமும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், "திருந்தலையே" என்று அந்த மூன்று நாளிலேயே அடி விழும். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் எம்குயிட் சேவை பற்றிக் கேட்டு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

பறிமுதல் செய்த கருவியை மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். கையுறையோடு எடுத்து, மணல் போட்ட, மூடியுள்ள தகர டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பள்ளிக்குப் பின்னால் குப்பையோடு கொளுத்தினால் பேட்டரி வெடிக்கும். மின்கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும். திரவம் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நிக்கோட்டின் தோல் வழியாகவும் ஏறும். வீட்டில் சின்னப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைத் துடைத்துவிட்டு 999-க்கு அழைத்து, புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதை மட்டும் ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.