பேட்ச் போட்டாலும் நாம சேத்த ஃபீல்டு போகாம பிசினஸ் கன்டென்ட்டை அப்டேட் பண்றது எப்படி

எஸ்ஏபி பிடபிள்யூ (கம்பெனி டேட்டாவை ஒரே எடத்துல சேத்து ரிப்போர்ட் எடுக்குற சாஃப்ட்வேர்) ஓடுற கம்பெனில பிஐ கன்டென்ட் பேட்ச், அதாவது எஸ்ஏபி ரெடிமேடா குடுக்குற பிசினஸ் கன்டென்ட்டுக்கு வர்ற அப்டேட்னு சொன்னாலே பல பேருக்கு வயித்தக் கலக்கும். பாத்து பாத்து சேத்த ஆட்ரிபியூட் (கூடுதல் விவரம் வைக்கிற ஃபீல்டு), மாத்தி வச்ச குவெரி (ரிப்போர்ட் அமைப்பு) பூராம் அழிஞ்சுரும்னு பயந்துக்கிட்டு வருஷக்கணக்கா பேட்சே போடாம உக்காந்துருப்பாங்க. ஆனா பேட்ச் போடுறதுனால அதெல்லாம் அழியுறதில்ல. அதுக்கப்புறம் புதுசா என்ன வந்துருக்குன்னு ஆர்வத்துல ஒருத்தர் திரும்ப இன்ஸ்டால் குடுப்பார் பாருங்க, அப்பதான் போகும். இது புரிஞ்சாலே பாதி பிரச்சனை தீந்துரும்.

பிடபிள்யூ-ல இருக்க ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் (குவெரி, கியூப் மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஜெக்ட்) உள்ளுக்குள்ள வெர்ஷன் இருக்கு. டி வெர்ஷன்னா எஸ்ஏபி டெலிவர் பண்ணது, ஏ வெர்ஷன்னா இப்ப ஆக்டிவா ஓடுறது, எம்-ங்கிறது மாத்தி சேவ் பண்ணி இன்னும் ஆக்டிவேட் பண்ணாதது. பேட்ச் வந்து டி-யை மட்டும்தான் மாத்தும், உங்க ரிப்போர்ட் ஓடுறது ஏ-ல. ஆர்எஸ்ஏ1-ங்கிற பிடபிள்யூ ஸ்கிரீன்ல பிஐ கன்டென்ட் பக்கம் போயி நீங்களா இன்ஸ்டால் குடுக்குற வரைக்கும் டி அங்கிட்டு கிடக்கும், ஏ இங்கிட்டு ஓடும், ஒண்ணை ஒண்ணு தொடாது.

ஒரு உதாரணத்தோட சொன்னாத்தான் வெளங்கும். மதுரைல இருந்து சுத்துப்பட்டு கடைகளுக்கு சரக்கு போடுற ஒரு கம்பெனி. ஜீரோ கஸ்டமர்ங்கிற (0CUSTOMER, எஸ்ஏபி குடுக்குற பேரு ஜீரோல ஆரம்பிக்கும், நாம வைக்கிறது இசட்லயோ ஒய்லயோ ஆரம்பிக்கும்) ரெடிமேட் இன்ஃபோஆப்ஜெக்ட்ல, அதாவது கஸ்டமர் விவரம் வைக்கிற ஆப்ஜெக்ட்ல, இசட்லைன்னு ஒரு ஆட்ரிபியூட் சேத்துருந்தாங்க, எந்தக் கடை மேலூர் லைன், எது உசிலம்பட்டி லைன், எது திருமங்கலம் லைன்னு. அந்த விவரம் ஈஆர்பி-ல (பில்லு, ஸ்டாக் மாதிரி அன்னாட வேலை ஓடுற மெயின் சிஸ்டம்) கிடையாது, பிடபிள்யூ-லயே கையால ஏத்துனது. வேற ஒரு கியூப் (ரிப்போர்ட்டுக்கான டேட்டா தொகுப்பு) வேணும்னு அங்க ஒருத்தர் கன்டென்ட் இன்ஸ்டால் பண்ண, கூடவே ஜீரோ கஸ்டமரும் காப்பி ஆகி, ஏ வெர்ஷன் மேல டி வெர்ஷன் உக்காந்துருச்சு. ஆட்ரிபியூட் போனா மாஸ்டர் டேட்டா (கஸ்டமர், சரக்கு மாதிரி அடிப்படை விவரம்) டேபிள்ல அந்த காலமும் (column, நெடுவரிசை) போயிரும், அது போனா உள்ள இருந்த டேட்டாவும் போயிரும். மறுநாள் சேல்ஸ் மேனேஜர், "தம்பி, உசிலம்பட்டி லைன் எங்கப்பா?"ன்னு கேக்குறாரு, யாருக்கும் பதில் தெரியல. ஆட்ரிபியூட்டை அஞ்சு நிமிஷத்துல திரும்ப சேத்துட்டாங்க, ஒவ்வொரு கடைக்கும் லைன் போட்டு முடிக்கத்தான் நாள் கணக்குல ஆச்சு.

இது எப்படி நடக்குதுன்னு அந்த ஸ்கிரீன்லயே பாருங்க. ஒரு கியூபை இழுத்து வலது பக்கம் போட்டதும் அதுக்கு தேவையான ஆப்ஜெக்ட் எல்லாம் தானா மரம் மாதிரி வந்து நிக்கும். அதுல இன்ஸ்டால்னு ஒரு டிக் காலம், மேட்ச் இல்லன்னா காப்பின்னு ஒரு டிக் காலம். இன்னும் ஆக்டிவ் ஆகாத ஆப்ஜெக்ட்டுக்கு இன்ஸ்டால் டிக் தானா விழும், அது சரி. ஆனா ஏற்கனவே ஆக்டிவா இருந்து, பேட்ச்ல புது வெர்ஷன் வந்த ஆப்ஜெக்ட்டுக்கும் தானா டிக் விழும்! ஆக பேட்ச் போட்ட கையோட எதைப் போயி கலெக்ட் பண்ணாலும் (இப்படி இழுத்துப் போட்டு சேக்குறது), உங்களோட பழைய ஜீரோ கஸ்டமர், ஜீரோ மெட்டீரியல் எல்லாம் டிக்கோட வந்து நிக்க வாய்ப்பிருக்கு, நீங்க கேக்கவே இல்லன்னாலும். மேட்ச்ல டிக் இல்லன்னா அது காப்பி, காப்பின்னா உங்க மாற்றத்துக்கு மேல அப்படியே ஓவர்ரைட். மேட்ச் டிக் போட்டா ரெண்டு வெர்ஷனையும் சேத்து வைக்கும், நீங்க சேத்த ஆட்ரிபியூட் தங்கும், எஸ்ஏபி புதுசா குடுத்ததும் வரும். மேட்ச் கட்டமே காமிக்காத ஆப்ஜெக்ட்டும் உண்டு, அதுக்கு சேத்து வைக்கிற வழியே இல்ல, இன்ஸ்டால் பண்ணா ஓவர்ரைட்தான். அந்த மாதிரி ஒண்ணை நீங்க மாத்திருந்தீங்கன்னா இன்ஸ்டால் டிக்கை எடுத்துருங்க, யோசிக்கவே வேணாம்.

இப்ப வேலைய எந்த வரிசைல பண்றதுன்னு பாப்போம். மொத வேலை, ஜீரோல ஆரம்பிக்கிற ஆப்ஜெக்ட்ல எதை எல்லாம் உங்க டீம் மாத்திருக்குன்னு ஒரு லிஸ்ட். இதைத்தான் யாருமே வச்சிருக்க மாட்டாங்க, மாத்துன ஆள் வேலைய விட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருப்பாரு. ஆட்ரிபியூட்டுக்கு எஸ்இ16-ங்கிற டேபிள் பாக்குற ஸ்கிரீன்ல ஆர்எஸ்டிபிசிஹெச்ஏடிஆர் (RSDBCHATR) டேபிளைத் தொறந்து, ஒரே இன்ஃபோஆப்ஜெக்ட்டுக்கு ஏ வெர்ஷன் வரிகளையும் டி வெர்ஷன் வரிகளையும் எடுத்து எக்செல்ல பக்கத்துல பக்கத்துல போட்டா, ஏ-ல இருந்து டி-ல இல்லாதது எல்லாம் பெரும்பாலும் நீங்க சேத்ததுதான், இசட்லயும் ஒய்லயும் ஆரம்பிக்கிறதைப் பாத்தாலே தெரியும். பேட்சுக்கு முன்னாடியே இதை எடுத்து வச்சிருங்க. பேட்சுக்கு அப்புறம் இன்னொரு தடவ எடுத்தா எஸ்ஏபி என்ன மாத்திருக்குங்கிறதும் அதே ஷீட்லயே தெரிஞ்சுரும்.

அடுத்து பேக்கப். மாத்துன ஆப்ஜெக்ட்டோட ஏ வெர்ஷனை டெவலப்மென்ட் சிஸ்டத்துல ஒரு டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்ட்ல (மாற்றத்தை ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு கொண்டு போற பொட்டலம்) சேத்து ரிலீஸ் பண்ணி வச்சிருங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா திரும்ப இம்போர்ட் பண்ணிக்கலாம். ஆனா டிரான்ஸ்போர்ட்ல வர்றது ஸ்ட்ரக்சர் மட்டும்தான், டேட்டா வராது. இசட்லைன் மாதிரி கையால ஏத்துன விவரம் இருந்தா அதைத் தனியா எக்செல்ல எடுத்து வைக்கணும், இது கட்டாயம்.

அப்புறம் கலெக்ட் பண்றது. அதே ஸ்கிரீன்ல குரூப்பிங்னு ஒரு செட்டிங் இருக்கும், அதுல தேவையான ஆப்ஜெக்ட் மட்டும்ங்கிறதை வச்சுக்கோங்க. டேட்டா ஃப்ளோவுக்கு முன்னாடியும் பின்னாடியும்னு குடுத்தீங்கன்னா எங்கெங்கேயோ இருக்கறதை எல்லாம் இழுத்துட்டு வந்துரும், அவ்வளவு பெரிய மரத்துல எது எதுக்கு டிக் விழுந்துருக்குன்னு ஒருத்தரால பாத்து முடிக்க முடியாது. உங்களுக்கு வேணும்ங்கிறதை மட்டும் டிக்ல வச்சுட்டு, லிஸ்ட்ல இருக்க ஆப்ஜெக்ட்டை ஒவ்வொண்ணா தேடி ஒண்ணு மேட்ச் போடுங்க, இல்ல இன்ஸ்டால் டிக்கை எடுங்க. சிமுலேட் (நெசமா மாத்தாம ஒத்திகை) பண்ணிப் பாருங்க, அது எல்லாத் தப்பையும் புடிக்காதுதான், ஆனாலும் பாருங்க. லிஸ்ட்ல இருக்க ஆப்ஜெக்ட்டை பேக்ரவுண்ட்ல ஓட்ட வேணாம், கண்ணு முன்னாடி ஓட்டி லாக்கை வரி வரியா படிங்க. இதெல்லாம் டெவலப்மென்ட்லதான், அங்க சரியா வந்தப்புறம் டிரான்ஸ்போர்ட்ல க்வாலிட்டி (டெஸ்ட் பண்ற சிஸ்டம்), அப்புறம் புரொடக்‌ஷன் (எல்லாரும் வேலை பாக்குற சிஸ்டம்).

குவெரி, கியூப், டிரான்ஸ்ஃபர்மேஷன் (டேட்டாவை மாத்தி ஏத்துற விதி) விஷயத்துல என் கருத்து ரொம்ப உறுதி, ஜீரோவ அப்படியே விட்டுட்டு இசட் பேர்ல காப்பி எடுத்து அதுல மாத்துங்க. எஸ்ஏபி அந்த பேரைத் தொடவே தொடாது. புது வெர்ஷன் வந்தா ஜீரோவ தாராளமா இன்ஸ்டால் பண்ணிட்டு, அதுல எது நல்லாருக்கோ அதை மட்டும் நம்ம காப்பிக்கு கொண்டு வந்துக்கலாம். ஜீரோ கஸ்டமர் மாதிரி மாஸ்டர் டேட்டாவுக்கு இது ஒத்து வராது, அதை நம்பி ஏகப்பட்ட கியூப் இருக்கும், அதுனால அங்க மட்டும் நேரா சேத்துட்டு லிஸ்ட்ல எழுதி வச்சுருங்க.

பிடபிள்யூ-க்கு டேட்டா குடுக்குற சோர்ஸ் சிஸ்டத்தையும் (ஈஆர்பி மாதிரி) மறந்துராதீங்க. அங்க டேட்டாவை எடுத்து அனுப்புற டேட்டாசோர்ஸ்ல இசட்இசட்ல ஆரம்பிக்கிற சொந்த ஃபீல்டை அப்பெண்ட் பண்ணிருந்தா (கூடுதலா ஒட்டிருந்தா) அந்த அப்பெண்ட் எங்கயும் போகாது, ஆனா ஆர்எஸ்ஏ5-ங்கிற ஸ்கிரீன்ல அதே டேட்டாசோர்ஸை திரும்ப ஆக்டிவேட் பண்ணா, ஆர்எஸ்ஏ6-ங்கிற ஸ்கிரீன்ல நீங்க எடுத்து விட்ட ஹைட் (ஃபீல்டை மறைக்கிற) டிக் பழையபடி வந்துரும், ஃபீல்டு இருந்தும் டேட்டா வராது. அதைப் பாத்து சரி பண்ணிட்டுத்தான் பிடபிள்யூ-ல ரெப்ளிகேட் (டேட்டாசோர்ஸ் அமைப்பை பிடபிள்யூ-க்கு எடுத்துக்கிறது) குடுக்கணும். டெல்டா (மாறுன டேட்டா மட்டும் வர்றது) ஓடுற டேட்டாசோர்ஸா இருந்தா கைவைக்கிறதுக்கு முன்னாடியே டெல்டா க்யூவுல காத்துக்கிட்டு இருக்க டேட்டாவை ஏத்தி அதைக் காலி பண்ணிருங்க.

புரொடக்‌ஷன் இம்போர்ட்டை அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு வச்சுக்கலாம், லீவுதானன்னு இங்க நெறைய பேர் ப்ளான் போடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சிஸ்டம் காலியா இருக்கும்ங்கிறது வாஸ்தவம்தான், ஆனா லைன் வாரியா தொகை சரியா வருதான்னு பாத்து சொல்ல சேல்ஸ்ல ஒரு ஆள் வேணும்ல, அன்னைக்கு யாரு ஃபோன் எடுப்பா? மாசக் கடைசி இல்லாத ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும், அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுட்டு, அதே ரிப்போர்ட்டை இம்போர்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.

வேற டூல் வச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை, ஏன்னா அங்க கணக்கே வேற. ஆரக்கிள் ஃப்யூஷன்ல ரெடிமேட் ரிப்போர்ட்டை இருந்த இடத்துலயே மாத்துனா அடுத்த அப்டேட்ல அது மேலேயே எழுதிரும், அதுனால கஸ்டமைஸ் குடுத்து ஷேர்டு ஃபோல்டர்ஸ்க்குள்ள இருக்க கஸ்டம் ஃபோல்டர்லதான் வைக்கணும். பவர் பிஐ டெம்ப்ளேட் ஆப்ல அப்டேட் வந்தா பழைய வொர்க்ஸ்பேஸ் மேலயே போடவா, புது வொர்க்ஸ்பேஸ்ல இன்னொரு காப்பியா போடவான்னு கேக்கும். ஏதாச்சும் மாத்திருந்தீங்கன்னா புது காப்பியைத் தேர்ந்தெடுங்க, ரெண்டையும் ஒப்பிட்டு பாத்துட்டு பழசை அப்புறமா அழிச்சுக்கலாம்.