போனஸ் பணத்தை வீட்டுக் கடனில் கட்டினால் எத்தனை மாதம் குறையும்? நீங்களே கணக்குப் போடலாம்

போனஸ் வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஒரு லட்சத்தை லோனில் கட்டிவிட்டால் எவ்வளவு மிச்சம்?" என்பதுதான். நம் கையில் பணம் ஒரே அளவாக வருவதில்லை. ஒரு வருடம் போனஸ் வரும், அடுத்த வருடம் பிள்ளையின் ஃபீஸ் அதை விழுங்கிவிடும். அதனால் கூடுதலாகக் கட்டும் தொகையை மாதத்துக்கு மாதம் மாற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு ஷீட் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. அரை மணி நேர வேலை.

எடுத்துக்காட்டுக்கு 30 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ 26,035 ரூபாய்.

1. கூகுள் ஷீட்ஸில் முதல் வரிசையில் ஆறு தலைப்புகள் போடுங்கள்: மாதம், தொடக்க நிலுவை, வட்டி, இஎம்ஐ, கூடுதல், கடைசி நிலுவை.

2. முதல் மாதத்தைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

வட்டி = 30,00,000 × 8.5 ÷ 1200 = 21,250 (சதவீதத்துக்கு 100, வருடத்துக்கு 12 மாதம்: 100 × 12 = 1200)
கடைசி நிலுவை = 30,00,000 + 21,250 − 26,035 − 0 = 29,95,215

நீங்கள் கட்டிய 26,035-இல் அசலுக்குப் போனது வெறும் 4,785. பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் ஏறத்தாழ 21 லட்சம் பாக்கி நிற்பது இதனால்தான்.

3. இதே கணக்கை, சமக்குறி போட்டு அந்தந்தக் கட்டத்தைத் தொட்டு ஃபார்முலாவாக எழுதுங்கள். இரண்டாம் மாதத்தின் தொடக்க நிலுவை, முதல் மாதத்தின் கடைசி நிலுவைதான். அப்புறம் அந்த வரிசையை அப்படியே 240-ஆம் மாதம் வரை கீழே இழுத்துவிடுங்கள்.

4. கடைசி நிலுவை எந்த மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ, அங்கே கடன் முடிகிறது. அந்த மாதம் வரைக்கும் உள்ள வட்டியை மட்டும் கூட்டுங்கள். கூடுதல் எதுவும் கட்டாவிட்டால் சுமார் 32.48 லட்சம் வரும்.

சரி, இனி 'கூடுதல்' கட்டங்களில் விளையாடலாம். 12-ஆம் மாதத்தில் ஒரே ஒரு லட்சம் போடுங்கள். கடன் 222-ஆம் மாதமே முடிகிறது, வட்டியில் சுமார் 3.7 லட்சம் மிச்சம். அதே லட்சத்தை எடுத்து 120-ஆம் மாதத்தில் வையுங்கள். 232-ஆம் மாதம்தான் முடியும், மிச்சம் சுமார் 1.27 லட்சம். தொகை ஒன்றுதான், கட்டும் நேரம்தான் வேறு. பெரிய தொகை வராதவர்கள் முதல் மாதத்திலிருந்தே மாதம் 3,000 போட்டுப் பாருங்கள்: 187-ஆம் மாதத்தில் முடிந்து 8.3 லட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது.

தம்பி விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கவனமாக இருங்கள். அவன் பணம் கட்டியதும் அவனுடைய வங்கி, கேட்காமலேயே இஎம்ஐயைக் குறைத்து, காலத்தை அப்படியே விட்டுவிட்டது. நம் எடுத்துக்காட்டில் 12-ஆம் மாதம் இப்படி நடந்தால், மாதம் சுமார் 885 ரூபாய் குறையும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மொத்த மிச்சம் 3.7 லட்சத்திலிருந்து ஒரு லட்சம் சொச்சத்துக்கு இறங்கிவிடும். மாதச் செலவுக்கே திண்டாட்டம் என்றால் ஒழிய, காலத்தைக் குறைப்பதுதான் லாபம்.

ஃப்ளோட்டிங் வட்டியில், அதாவது அவ்வப்போது மாறும் வட்டியில், தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. வட்டி விகிதம் மாறினால், அந்த மாதத்திலிருந்து 8.5-க்குப் பதிலாகப் புது விகிதத்தைப் போட்டால் போதும். பல வங்கிகள் தினசரி நிலுவைக்கு வட்டி போடுவதால், உங்கள் ஷீட்டுக்கும் ஸ்டேட்மென்டுக்கும் சின்ன வித்தியாசம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

பணம் கட்டும்போது "இஎம்ஐ மாறக் கூடாது, காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கணக்கிலிருந்து பழைய 26,035-தான் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறைவாகப் பிடித்திருந்தால் அந்த நகலோடு அந்த வாரமே வங்கிக்குப் போங்கள்.