கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம்: வாடகை வானில் ஏறுமுன் சில விசயங்கள்

முதல் விசயம், வெளிநாட்டிலிருந்து வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிற நீங்கள் வாகனத்தை ஓடாதீர்கள். கனடாவில் பனிக்குள்ளே ஓடினவன், ஜேர்மன் ஓட்டோபானில் நூற்றெண்பதில் போனவன் என்று சொல்வீர்கள், சரி, நம்புகிறேன். ஆனால் அந்தக் கெட்டித்தனமெல்லாம் எதிரே வருகிறவனும் சட்டப்படிதான் வருவான் என்ற நம்பிக்கையில் பழகினது. இங்கே அந்த நம்பிக்கையை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். சட்டம் தடுக்கவில்லை. வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது, சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேசனில் உறுதிப்படுத்த வேண்டும், அல்லது மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசன்ஸ் எடுக்க வேண்டும். 2025இல் கட்டுநாயக்காவிலேயே அதற்கொரு கவுண்டர் திறந்தார்கள். ஆக, ஓடலாம். ஓட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

உதாரணத்துக்கு லைற் அடிப்பதை எடுங்கள். லண்டனில் எதிரே வருகிறவர் லைற் அடித்தால் "நீ போ" என்று அர்த்தம், நாமும் கையைக் காட்டிவிட்டுப் போவோம். இங்கே லைற் அடித்தால் "நான் வாறன், நீ நில்". சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் ஒரு லொறியை முந்திக்கொண்டு தனியார் பஸ் ஒன்று உங்கள் பக்கத்தில் நேரே வரும், பகலிலேயே லைற்றைப் போட்டபடி. லொறிக்காரர் கொஞ்சம் தன் இடப்பக்கம் ஒதுங்குவார், உங்கள் சாரதி இந்தப் பக்கம் கிரவலில் ஒரு சில்லை இறக்குவார், இரண்டு வாகனம் போகிற றோட்டில் மூன்று வாகனம் ஒன்றையொன்று உரசாமல் போய்விடும். ஒருவருக்கும் கோபம் வராது, ஹோர்ன்கூட நீளமாக அடிக்க மாட்டார்கள். பின்சீற்றில் இருந்த நீங்கள் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பீர்கள். முன்னால் போகிற லொறி இடப்பக்கச் சிக்னல் போட்டால் திரும்பப் போகிறார் என்றும் இருக்கலாம், "பாதை கிளியர், நீ முந்து" என்றும் இருக்கலாம். எது என்று உங்கள் சாரதிக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஆகவே சாரதியோடு போகிறீர்கள். உங்கள் உயிர் இப்போது அந்த மனிதரின் நித்திரையில் தங்கியிருக்கிறது, இதைத்தான் நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. விமானம் விடிய நாலு மணிக்கு இறங்குகிறது. ஊரிலிருந்து ஹயர் வான் வருகிறது, சித்தப்பாவும் இரண்டு மச்சான்மாரும் அதிலேயே வருகிறார்கள். சாரதி முதல் நாள் இரவு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு, நிற்காமல் ஓடி, வாகனத் தரிப்பிடத்தில் சீற்றைச் சரித்து ஒரு மணித்தியாலம் கண்ணயர்ந்து எழும்பியிருப்பார். நீங்கள் பெட்டிகளை ஏற்றினதும் உடனே திரும்ப ஓட வேண்டும், ஏழு மணித்தியாலம். "பழகின ஆள், ஒன்றும் செய்யாது" என்று சித்தப்பா சொல்வார். கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற நீர்கொழும்பில் அறை எடுத்து, சாரதிக்கும் ஒரு கட்டில் எடுத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிடுங்கள். அல்லது கொழும்புப் பக்கத்திலேயே, இரவு வீட்டில் படுத்தெழும்பின ஒரு சாரதியைப் பிடியுங்கள். வரவேற்க வருகிற சொந்தக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள்தான்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் கார் சீற்றை அங்கிருந்தே கொண்டுவாருங்கள், ஹயர் வானில் அது இருக்காது. பின்சீற் பெல்ற் கவருக்குள்ளே புதைந்து கிடக்கும், வெளிக்கிடுமுன் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு. பெரிய கண்ணாடி யன்னல் போட்ட, சுற்றுலா பஸ் நிற்கிற இடத்தில் வான் தானாகவே திரும்பும், ஏனென்றால் ஆட்களைக் கொண்டுவருகிற சாரதிக்கு உள்ளே சாப்பாடு இலவசம், சில இடத்தில் கையிலும் ஏதாவது வைப்பார்கள். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலசலகூடம் சுத்தமாக இருக்கும் என்பதால் அதற்காக நிறுத்துவதும் நல்லதுதான். சாப்பிட மட்டும் வேறு கடை பாருங்கள், சாரதியின் சாப்பாட்டுக்கும் நீங்களே காசு கொடுங்கள், அவர் உங்களை நல்ல கடைக்குக் கூட்டிப்போவார். லொறிகள் வரிசையாக நிற்கிற கடையில் சாப்பாடு பெரும்பாலும் பிழை போகாது.

கடையில் இருந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை கொண்டுவந்து வைப்பார்கள். இலவசமும் இல்லை, எல்லாம் சாப்பிடவும் தேவையில்லை, எடுத்ததை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அதனால்தான் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் நசித்துப் பார்க்க விடக்கூடாது! மத்தியானச் சோற்றில் மரக்கறியும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், மீனுக்கும் இறைச்சிக்கும்தான் தனிக்காசு. கை துடைக்க வெட்டின பேப்பர் துண்டு, சில இடத்தில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள், சிவப்பு மையில் சரி போட்டபடி. தண்ணீர் மட்டும் சீல் உடைக்காத போத்தலில் குடியுங்கள், மேசையில் இருக்கிற ஜக்கைத் தொடாதீர்கள்.

புத்தளத்தில் முஸ்லிம் கடைகளில் புரோட்டாவும் பிரியாணியும் நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் போய்ப் பூட்டின கதவைத் தட்டாதீர்கள், நோன்பு மாதத்துப் பகலிலும் அப்படித்தான். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பலர் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார்கள். கல்லாவில் இருக்கிற வயதான ஐயா யாழ்ப்பாணத் தமிழில் கதைத்தால் ஊர் எது என்று கேளுங்கள், அவர் உங்கள் ஊரையும் கேட்பார், அப்புறம் பிளேன்ரீ ஆறிப்போகும்.

அநுராதபுரம், மதவாச்சி தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதியில் ஏறினால் வவுனியா. அங்கே அம்மாச்சி உணவகத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். வட மாகாண விவசாயத் திணைக்களம் நடத்துகிற இடம், பெண்கள் உங்கள் கண்முன்னாலேயே தோசை, அப்பம், குரக்கன் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார்கள், இலைக்கஞ்சியும் கிடைக்கும். நீங்களே வரிசையில் நின்று எடுக்க வேண்டும், காசு மிகக் குறைவு. இந்த முழுப் பாதையிலும் ஒரே ஒரு இடத்தில்தான் சாப்பிட நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

போர்க்காலத்தில் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையை இப்போது வேகம் குறைக்காமலே கடந்துவிடலாம். அங்கே இறங்கிப் பெட்டியைத் திறந்து காட்டின ஆட்கள் வானில் இருந்தால் கொஞ்ச நேரம் கதை நின்றுபோகும், விடுங்கள். மாங்குளம் தாண்டி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எந்த வாகனமும் நிற்கும், சாமி கும்பிடாத சாரதியும் நிறுத்துவார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்து, கச்சான் கடலை இரண்டு பை வாங்குங்கள், ஒன்று வானுக்கு, ஒன்று வீட்டுக்கு. வானுக்கு வாங்கினது கிளிநொச்சியிலேயே முடிந்துவிடும்.

வேகம் பற்றி. அதிவேக நெடுஞ்சாலை தவிர்ந்த வீதிகளில் காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. ஏ9 நேராக, காலியாக, கையை நீட்டிக் கூப்பிடுகிற மாதிரிக் கிடக்கும், பொலிஸ் அந்த இடத்தில்தான் வேகம் அளக்கிற கருவியோடு மரநிழலில் நிற்பார்கள். பிடித்தால் சாரதிக்குத் தண்டச் சீட்டுக் கொடுப்பார்கள், அவருக்கு ஒரு நாள் உழைப்புப் போகும். "கெதியாப் போங்கோ அண்ணை" என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்தக் காசு உங்களுடையது.

பொழுதுபட்ட பிறகு இந்தப் பாதை வேறு. அநுராதபுரம் மாவட்டக் காட்டோரங்களில் யானை இறங்கும். வன்னியில் மாடுகள் றோட்டின் சூட்டுக்கு வந்து நடுவிலே படுத்திருக்கும், கறுப்பு மாடு கறுப்புத் தாரில் கிட்டப் போகும்வரை தெரியாது. லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம், லைற் இல்லாத சைக்கிள் எல்லாம் அதற்குப் பிறகு. ஆனையிறவை வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி நேரத்தை வையுங்கள், காலை எட்டுக்கு நீர்கொழும்பில் வெளிக்கிட்டால் அது தாராளமாகச் சரிவரும்.

வீட்டு வாசலில் இறங்கினதும் "அண்ணை, அப்படியே பருத்தித்துறைக்கும் ஒருக்கா" என்று கேட்காதீர்கள். பேசின காசோடு மேலே கொஞ்சம் வைத்துக் கொடுத்து, தேத்தண்ணி குடிக்க வைத்து அனுப்புங்கள். பருத்தித்துறைக்கு நாளைக்கு 750ஆம் இலக்க பஸ் இருக்கிறது.