சொந்தமா கட்டுற பிளேனுக்கு ஃப்யூஸா, பிரேக்கரா? பானல் வயரிங்ல தேர்ந்தெடுக்கறது எப்படி

அமெரிக்காவுல கராஜ்ல ஆர்வி மாதிரி கிட் பிளேன் (பாகங்களா வாங்கி நாமளே கோக்கற சின்ன விமானம்) கட்டுறவங்க ரிவெட் அடிக்கிற வரைக்கும் தைரியமாத்தான் இருப்பாங்க, வயரிங்னு வந்ததும் முழி பிதுங்கிடும். நானும் முதல்ல பானல்ல இருபது பிரேக்கர் (கரண்ட் அதிகமானா தானா விழுற, திரும்ப அமுக்கி விடற சுவிட்ச்) வரிசையா நிக்கணும்னு ஆசையா படம் போட்டேன், அப்புறம் முக்கால்வாசியை அழிச்சேன்.

முதல்ல ஒண்ணை மண்டையில ஏத்திக்கோங்க, ஃப்யூஸ் இருக்கறது ரேடியோவைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. பானலுக்குப் பின்னாடி கட்டுக்கட்டாப் போற வயர்ல ஒண்ணு எங்கயாவது உரசி ஷார்ட் ஆச்சுன்னா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்ப் தள்ளும், அந்த வயர் பழுத்து பக்கத்துல இருக்கறதையும் சேத்து உருக்கும். அதனாலதான் ஃப்யூஸ் வயரோட ஆரம்பத்துல, பஸ் பாருக்கு (எல்லா வயருக்கும் கரண்ட் பிரிச்சுக் கொடுக்கற உலோகப் பட்டை) ஒட்டி இருக்கணும், கடைசியில ரேடியோ பக்கத்துல வெச்சா நடுவுல இருக்கற வயருக்கு யாரும் காவல் இல்ல.

கணக்கு லோடுல ஆரம்பிக்கணும். லேண்டிங் லைட் 100 வாட்னு வெச்சுக்கங்க, 14 வோல்ட்ல 7 ஆம்புக்குக் கொஞ்சம் மேல வரும். ஃப்யூஸை அதோட ரேட்டிங்ல 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து ஓட விடாம இருக்கறது நல்லது, அப்போ 7.5 ஆம்ப் ஃப்யூஸ் பத்தாது, 10 போடணும். 10 போட்டா வயர் 18 கேஜ். எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) வெளியிட்ட ஏசி 43.13-1பி-ங்கற வழிகாட்டியில இதுக்கு அட்டவணையே இருக்கு, 22 கேஜுக்கு 5 ஆம்ப், 18 கேஜுக்கு 10, நடுவுல 20 கேஜுக்கு மட்டும் பிரேக்கர்னா 7.5, ஃப்யூஸ்னா 5 (கேஜ் நம்பர் குறைய குறைய வயர் தடிமன், ஆரம்பத்துல எல்லாரும் இதுல ஒரு தடவை தடுமாறுவோம்). ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு 10-ஐக் கழட்டிட்டு 15 சொருகறது, ஊர்ல ஃப்யூஸ் கேரியர்ல தடி செம்புக் கம்பியை முறுக்கி விடுவாங்களே, அதே வேலைதான், பெருசு போடணும்னா வயரையும் மாத்துங்க.

சரி, எதுக்கு எது? பெரும்பாலானதுக்கு கார்ல வர்ற பிளேடு ஃப்யூஸே போதும்ங்கறது என் கட்சி. வெயிட் கம்மி, விலை கம்மி, கலரைப் பாத்தாலே ரேட்டிங் தெரியும், 5 பழுப்பு மஞ்சள், 10 சிவப்பு, 15 நீலம். "பறக்கும்போது போயிடுச்சுன்னா?"ன்னு கேப்பாங்க. போனா போகட்டும், அது இல்லாமலே இறங்குற மாதிரி பிளேனை டிசைன் பண்ணுங்க. எலக்ட்ரானிக் இக்னிஷன், ஃப்யூவல் பம்ப் மாதிரி இன்ஜின் நம்பி இருக்கற எதுவும் இன்னொண்ணோட ஃப்யூஸைப் பகிர்ந்துக்கவே கூடாது.

பிரேக்கர் ரீசெட் பண்ணலாம்ங்கறதைப் பெரிய வசதியா நினைக்கறாங்க, எனக்கு அதுதான் பயம். 2007 ஜூலைல ஃப்ளோரிடாவுல சான்ஃபோர்ட்ல செஸ்னா 310-ங்கற ஒரு சின்ன விமானம் வீடுகள் மேல விழுந்து அஞ்சு பேர் செத்தாங்க. முந்தின நாள் வேற பைலட் வெதர் ரேடார்ல எரியற வாடை வருதுன்னு அதோட பிரேக்கரை இழுத்து வெச்சு எழுதியும் கொடுத்திருக்கார், ரிப்பேர் பண்ணாமலே மறுநாள் பிளேன் கிளம்பிடுச்சு, அந்தப் பிரேக்கரைத் திரும்ப அமுக்கியிருக்க வாய்ப்பு அதிகம்னுதான் விசாரணையில சொன்னாங்க. அதனால ட்ரிப் ஆனதைத் தரைக்கு வந்து காரணம் கண்டுபிடிக்கற வரைக்கும் தொடாதீங்க.

ஆனா ரெண்டு இடத்துல பிரேக்கர்தான் வைப்பேன். ஒண்ணு ஆட்டோபைலட், கையால பிடுங்கி நிறுத்தணும்னு வரலாம். இன்னொண்ணு ஆல்டர்னேட்டர் ஃபீல்டு (ஆல்டர்னேட்டரைக் கரண்ட் உண்டாக்க வைக்கிற சின்ன வயர்), 5 ஆம்ப். வோல்டேஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் கெட்டு அது 16-ஐத் தாண்டினா, கிரோபார் மாட்யூல்ங்கற பாதுகாப்பு சர்க்யூட் வேணும்னே ஷார்ட் பண்ணி அந்தப் பிரேக்கரை விழ வைக்கும், நிஜமான கோளாறு இல்லாம சும்மா விழுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கறதால, மேல சொன்னதுக்கு விதிவிலக்கா இதை மட்டும் ஒரே ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாக்கலாம். வாங்கும்போது இழுக்கற குமிழ் இருக்கான்னு பாருங்க, சில மாடல் அமுக்க மட்டும்தான் முடியும்.

ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்ற தடி வயருக்கு பானல் பிரேக்கர் வேண்டாம். 60 ஆம்ப் ஆல்டர்னேட்டருக்கு 60 ஆம்ப் பிரேக்கர் வெச்சா, பேட்டரி இறங்கியிருக்கற அன்னைக்கு டேக்ஆஃப் முடிஞ்ச கையோட ட்ரிப் ஆகும். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) பக்கம், ஸ்டார்ட்டர் கான்டாக்டர்கிட்ட (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடற பெரிய ரிலே) ஒரு ஏஎன்எல் லிமிட்டர், அதாவது மெதுவா உருகற பெரிய ஃப்யூஸ், போல்ட் பண்ணிடுங்க, தடி வயர் கேபினுக்குள்ளயே வராது.