வேர்டு படிவத்தில் ஒரு பகுதியை மட்டும் திறந்து வைத்து மற்றதைப் பூட்டுவது எப்படி

நிரப்பித் தரச் சொல்லி அனுப்பிய படிவம் திரும்பி வரும்போது கேள்வியே அழிந்திருக்கும், அட்டவணை கலைந்திருக்கும். நிரப்புகிறவரைக் குறை சொல்ல முடியாது, எங்கே எழுதலாம் எங்கே கை வைக்கக் கூடாது என்பதைப் படிவம்தான் காட்ட வேண்டும். விண்டோஸில் இருக்கும் வேர்டில் இதைச் செய்யும் வழி இது.

முதலில் டெவலப்பர் டேப் வேண்டும். இல்லையென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் போய் டெவலப்பரை டிக் செய்யுங்கள். அங்கிருந்து பெயருக்கு ஒரு டெக்ஸ்ட் கன்ட்ரோல் (கன்ட்ரோல் என்பது நிரப்புவதற்கான பெட்டி), தேதிக்கு டேட் பிக்கர், தேர்வு செய்ய டிராப் டவுன் என்று தேவையான இடங்களில் வையுங்கள். ஒவ்வொன்றின் பிராப்பர்ட்டீஸிலும் கன்ட்ரோலை நீக்க முடியாதபடி ஒரு டிக் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ரிவ்யூ டேப்பில் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங். வலது பக்கம் திறக்கும் பலகையில், இந்த வகைத் திருத்தத்தை மட்டும் அனுமதி என்பதை டிக் செய்து, ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸைத் தேர்ந்தெடுத்து, பூட்டுவதற்கான பொத்தானை அழுத்தினால் பெட்டிகளைத் தவிர எதையும் தொட முடியாது. பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் "உங்கள் கருத்து" மாதிரி ஒரு பகுதியில் பத்தி பத்தியாக எழுதவும், தடித்த எழுத்து போடவும், படம் ஒட்டவும் விட வேண்டுமென்றால் இது போதாது, ஏனென்றால் பூட்டிய பகுதியில் ரிப்பனின் பெரும்பாலான கட்டளைகள் மங்கிப் போய்விடும், எழுத்துப்பிழைச் சோதனைகூட நடக்காது.

அதற்குத்தான் ஆவணத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் செக்‌ஷன் பிரேக். பூட்டைப் போடுவதற்கு முன்பே அந்தப் பகுதிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, லேஅவுட் டேப்பில் பிரேக்ஸுக்குள் இருக்கும் கன்டினியுவஸ் வகையைச் செருகுங்கள். நெக்ஸ்ட் பேஜ் வகை வேண்டாம், பக்கம் உடைந்துவிடும். இப்போது ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸுக்குக் கீழே செலக்ட் செக்‌ஷன்ஸ் என்ற இணைப்பு தெரியும், ஆவணம் ஒரே செக்‌ஷனாக இருக்கும்வரை அது வராது. அதைத் திறந்து, நடுவில் இருக்கும் செக்‌ஷனின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டுப் பூட்டினால் சரி. பழைய லெகஸி ஃபார்ம் பெட்டிகள் பயன்படுத்துகிறவர்கள் அவற்றைப் பூட்டிய செக்‌ஷனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், திறந்த இடத்தில் அவை வேலை செய்யாது.

படிவத்தில் நிரப்ப ஓரிரண்டு இடம்தான் என்றால் இவ்வளவு வேண்டாம். மொத்தத்தையும் செலக்ட் செய்து டெவலப்பர் டேப்பில் குரூப் கொடுத்தாலே போதும், கன்ட்ரோல்களுக்கு வெளியே உள்ளதெல்லாம் பூட்டிக்கொள்ளும்.

பூட்டும்போது கேட்கும் கடவுச்சொல் கட்டாயமில்லை. போட்டாலும் அது தெரியாமல் கை பட்டு மாறுவதைத்தான் தடுக்கும், ஆவணத்தை மறைக்காது, விவரம் தெரிந்தவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். ரகசியமான தகவல் இருந்தால் ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் டாக்குமென்ட் வழியாக என்கிரிப்ட் செய்வதுதான், அதாவது கடவுச்சொல் இல்லாமல் திறக்கவே முடியாதபடி செய்வதுதான் சரி.