உறுப்பு மண்டலங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித உடலைப் பாடமாகப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் சந்திப்பது ஓர் அட்டவணையைத்தான். செரிமான மண்டலம், சுவாச மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம், கழிவுநீக்க மண்டலம் என்று ஒரு பக்கம் பெயர்களும், அவற்றுக்கு நேரே உறுப்புகளும் அடுக்கப்பட்டிருக்கும். செல்கள் சேர்ந்து திசுவாகவும், திசுக்கள் சேர்ந்து உறுப்பாகவும், உறுப்புகள் சேர்ந்து மண்டலமாகவும் அமைவதை மனத்தில் பதிய வைக்க இது மிகவும் உதவும். ஆனால் அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறவர்கள், படிக்கும் வசதிக்காக நாம் போட்ட கோடுகளை உடலுக்குள்ளேயே எழுப்பப்பட்ட சுவர்களாக எண்ணிவிடுகிறார்கள். தேர்விலும் சரி, பிற்பாடு வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் புரிந்துகொள்ள முயலும்போதும் சரி, குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் உறுப்பு ஒரு மண்டலத்துக்கு மட்டுமே உரியது என்று கொள்வதுதான் இவற்றில் முதன்மையான தவறு. கணையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி, செரிமான நொதிகள் அடங்கிய கணைய நீரைச் சுரந்து, நாளத்தின் வழியே முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதே உறுப்பில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான் திட்டுகள் என்ற செல் கூட்டங்களோ, இரத்தச் சர்க்கரையின் அளவைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் குளுக்ககானையும் நாளமின்றி நேராக இரத்தத்தில் கலக்கின்றன. எனவே கணையம் செரிமான மண்டலத்தைச் சேர்ந்ததா, நாளமில்லாச் சுரப்பி மண்டலத்தைச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு, இரண்டையும் சேர்ந்தது என்பதே சரியான விடை.

மண்டலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதம் வெளிப்பட்டதும் இந்த உறுப்பின் வழியாகத்தான். கணையத்தைச் சுரக்கத் தூண்டுவது நரம்புகளே என்று அறிவியலாளர்கள் நம்பியிருந்த காலத்தில், 1902ஆம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய உடலியலாளர் இருவரும் மயக்கமூட்டப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை நரம்புத் தொடர்பு முழுவதும் அறுத்து, இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்து, அதற்குள் நீர்த்த அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. குடலின் உட்சுவர் ஒரு வேதிப்பொருளை இரத்தத்தில் அனுப்பிக் கணையத்துக்குச் செய்தி சொல்கிறது என்று அவர்கள் கண்டறிந்து, அதற்கு செக்ரிடின் எனப் பெயரிட்டார்கள். உணவைச் செரிக்கும் குடலே ஒரு நாளமில்லாச் சுரப்பியாகவும் செயல்படுகிறது என்பதை இந்த ஒரு சோதனையைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிறுநீரகத்தைக் கழிவுநீக்கத்தோடு முடித்துவிடுவதும் இதே வகைப் பிழையே. எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் சுரப்பது பெரும்பாலும் அங்கேதான். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு ஏன் இரத்தசோகை வருகிறது என்று வியப்பவர்களுக்கு இதுவே முக்கியமான காரணம்.

சிறுநீரகம் வேலை செய்யும் முறையைப் பற்றியும் தலைகீழான ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இரத்தத்தில் இருக்கும் கழிவுகளை மட்டும் அது தேடிப் பொறுக்கி வெளியேற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. அவற்றின் தொடக்கத்தில் இருக்கும் தந்துகிக் கொத்து, அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் கொத்து, இரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் தடுத்து நிறுத்திவிட்டு, நீர், உப்புகள், குளுக்கோஸ், யூரியா என்று சிறிய மூலக்கூறுகள் அனைத்தையும் வேறுபாடின்றி வடிகட்டி வெளியே விடுகிறது. இப்படி ஒரு நாளில் வடிகட்டப்படும் திரவம் ஏறக்குறைய 180 லிட்டர். நம் உடலில் உள்ள பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கலான இரத்தத் திரவம், ஏறத்தாழ 3 லிட்டர்தான் என்பதால், அது நாளொன்றுக்குச் சுமார் 60 முறை வடிகட்டப்படுகிறது என்று பொருள். பிறகு நுண்குழல்கள் உடலுக்கு வேண்டியவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராகிறது. முதலில் எல்லாவற்றையும் விட்டு, வேண்டியதை மட்டும் மீட்பதால், முன்பின் அறியாத ஒரு வேதிப்பொருள் இரத்தத்தில் கலந்தாலும், அதை இன்னதென்று அடையாளம் காணாமலே உடலால் வெளியேற்ற முடிகிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் குளுக்கோஸ் வருவதையும் இதைக் கொண்டே விளக்க வேண்டும்: இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது, நுண்குழல்களால் அதை முழுவதுமாக மீட்க முடிவதில்லை.

மலத்தைக் கழிவுநீக்க மண்டலத்தின் கணக்கில் சேர்ப்பதும் தவறு. செல்களின் செயல்பாட்டில் உண்டாகும் கழிவை வெளியேற்றுவதே கழிவுநீக்கம். அதில் உள்ள நார்ப்பொருள் குடற்குழாய்க்குள் நுழைந்து, செல்கள் எதையும் எட்டாமலே வெளியேறுகிறது. அதற்கு நிறம் தரும் பித்த நிறமிகள் மட்டும் சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வந்த உண்மையான கழிவுகள்.

இரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை, தமனியில் சுத்த இரத்தமும் சிரையில் அசுத்த இரத்தமும் ஓடுவதாக எழுதும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. அவற்றைப் பிரிக்கும் அளவுகோல் திசைதான். நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையும், நுரையீரல் சிரை ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தையும் கொண்டுசெல்வது அதனால்தான். ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில்கூட, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. படங்களில் சிரைகளுக்குப் பூசப்படும் நீலம் வேறுபடுத்திக் காட்டுவதற்கானது. சிரை இரத்தத்தின் நிறம் கருஞ்சிவப்பு.

சுவாசம் பற்றிய தவறுகள் ஆபத்திலும் கொண்டுபோய் விடக்கூடியவை. காற்றை இழுப்பதற்கென்று நுரையீரலுக்குச் சொந்தத் தசை கிடையாது. அதற்குக் கீழே இருக்கும் தசைத் தகடான உதரவிதானம் கீழிறங்கி, விலா எலும்புகள் உயர்ந்து, மார்புக்கூடு விரியும்போது உள்ளழுத்தம் குறைவதால் காற்று தானாக உள்ளே வருகிறது. வெளிவிடும் காற்று முழுவதும் கார்பன் டை ஆக்சைடு என்பதும் சரியன்று. அதில் ஏறக்குறைய 16 விழுக்காடு ஆக்சிஜன் இருப்பதால்தான் வாயோடு வாய் வைத்து ஊதும் முதலுதவி பலனளிக்கிறது. மூச்சை அடக்கும்போது நெஞ்சு முட்டுவதற்கு முதன்மைக் காரணம் ஆக்சிஜன் தீர்வதன்று, கார்பன் டை ஆக்சைடு சேர்வதே. இதை அறியாத நீச்சல் பழகும் இளைஞர்கள், நீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம் என்று நம்பி, மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்குகிறார்கள். ஹீமோகுளோபின் முன்பே ஏறத்தாழ முழுமையாக நிறைந்திருப்பதால் ஆக்சிஜன் இருப்பு அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அது மீண்டும் சேர்ந்து, மேலே வா என்று மூளை வற்புறுத்தும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியிலேயே நினைவிழந்து உயிரிழந்தவர்கள் உண்டு. ஆழம் குறைந்த நீச்சல்குளத்திலும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நேர்கிறது.